திரையில் வெந்த ரிசோட்டோ: சமைப்பவர் எதற்குக் கட்டுப்பட்டவர்?

வீடியோ கேமில் வரும் ஓர் உணவை வீட்டில் சமைக்க நினைப்பவர் முதல் அடியிலேயே ஒரு சிக்கலைச் சந்திக்கிறார். சமையல் புத்தகத்தில் இருக்கும் உணவை யாரோ ஒருவர் ஏற்கெனவே சமைத்திருக்கிறார், சாப்பிட்டும் இருக்கிறார். திரையில் இருக்கும் உணவை ஒருவரும் வாயில் வைத்ததில்லை. அதற்குப் பெயர் உண்டு, சிறு படம் உண்டு, சேர்மானப் பட்டியல் உண்டு, ருசி கிடையாது. அப்படியிருக்க, வீட்டில் செய்தது சரியாக வந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

இந்தக் கேள்வியை அலசுவதற்கு 'ஸ்டார்டியூ வேலி' விளையாட்டில் வரும் ஃபிடில்ஹெட் ரிசோட்டோ மிகப் பொருத்தமானது. 2016 பிப்ரவரியில் வெளியான அந்த விளையாட்டின் நிரல், ஓவியம், இசை எல்லாவற்றையும் எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் உருவாக்கினார். நகரத்து வேலையை உதறிவிட்டுத் தாத்தாவின் பண்ணைக்கு வரும் ஒருவர் பயிர் வைக்கிறார், மீன் பிடிக்கிறார், காட்டில் கிடைப்பதைப் பொறுக்குகிறார், சமைக்கிறார். அங்கே ஃபிடில்ஹெட் ரிசோட்டோவுக்கு மூன்று பொருள்கள் போதும்: எண்ணெய், பூண்டு, ஃபிடில்ஹெட் எனப்படும் சுருண்ட பெரணிக் குருத்து. அரிசி பட்டியலிலேயே இல்லை. இத்தனைக்கும் ஊர்க்கடையில் அரிசி விற்கிறார்கள். பட்டியலுக்குப் பக்கத்தில் உள்ள குறிப்போ, இது வதக்கிய பெரணிக் குருத்தோடு பரிமாறும் குழைவான அரிசி உணவு, கொஞ்சம் சப்பென்றிருக்கும் என்கிறது. ஒரே திரையில் பட்டியல் ஒன்று சொல்கிறது, குறிப்பு வேறொன்று சொல்கிறது. சமைப்பவர் இரண்டில் எதற்குக் கட்டுப்பட்டவர், அல்லது இரண்டுக்கும் வெளியே உள்ள வேறொன்றுக்கா என்பதுதான் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி.

கேமுக்கு முன்பே இருந்த கேள்வி

கற்பனை உணவை அடுப்புக்குக் கொண்டுவரும் முயற்சி புதிதல்ல. ரெக்ஸ் ஸ்டவுட்டின் துப்பறியும் நாவல்களில் வரும் சாப்பாட்டை வைத்து 1973இல் நீரோ வுல்ஃப் சமையல் புத்தகம் வெளிவந்தது. லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ்' நூல்களில் வரும் உணவுகளை பார்பரா வாக்கர் 1979இல் தொகுத்தார். வாக்கருக்குப் பிடிமானம் இருந்தது. அந்த நூல்கள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குடியேற்றக் குடும்பங்களின் உண்மையான வாழ்க்கையிலிருந்து வந்தவை. அவர்கள் என்ன அடுப்பில், என்ன மாவில், என்ன கொழுப்பில் சமைத்தார்கள் என்று தேடிப் போக முடியும்.

முழுக்கக் கற்பனையான உலகத்துக்கு அந்த வசதி இல்லை. ஜார்ஜ் மார்ட்டினின் நாவல் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 2012இல் வெளியான 'எ ஃபீஸ்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நூலில் செல்சி மன்ரோ-கேசலும் சாரியன் லேரரும் ஒரு வழி கண்டார்கள். பல உணவுகளுக்கு இரண்டு செய்முறை: பழைய ஐரோப்பியச் சமையல் ஏடுகளைத் தழுவிய ஒன்று, இன்றைய அடுப்பறைக்கான மற்றொன்று. 'எதற்குக் கட்டுப்படுவது' என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை என்பதை ஒரு சமையல் நூல் தன் அமைப்பிலேயே ஒப்புக்கொண்ட இடம் அது. அதே மன்ரோ-கேசல் 2016இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டுக்கும் 2019இல் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' விளையாட்டுக்கும் அதிகாரபூர்வ சமையல் நூல்களை எழுதினார். ஸ்டார்டியூ வேலிக்கு 2024 மே மாதம் அப்படியொரு நூல் வந்தது. ரையன் நோவாக்குடன் சேர்ந்து பரோனே அதன் ஆசிரியர்.

நாவலுக்கும் கேமுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நாவலாசிரியர் மணத்தையும் ருசியையும் சொற்களால் சொல்லிவிட முடியும். கேமில் உணவு பெரும்பாலும் ஒரு பலன்: சாப்பிட்டால் இவ்வளவு தெம்பு, இவ்வளவு உயிர். ஆகவே நாவலைச் சமைப்பவருக்கு இல்லாத ஒரு சுதந்திரம் கேமைச் சமைப்பவருக்கு இருக்கிறது. கூடவே, எதைப் பிடித்துக்கொள்வது என்ற தவிப்பும் கூடுதல்.

பட்டியலே சட்டம் என்போர்

முதல் நிலைப்பாடு எளிமையானது. திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போடு. அதற்கு மேல் எதையும் சேர்க்காதே. இது விளையாட்டின் சொந்தத் தர்க்கத்திலிருந்து பிறக்கிறது. விளையாடுபவர் நூற்றுக்கணக்கான முறை அந்தப் பட்டியலைப் பார்த்து, பொருள் தேடி அலைந்து, ஒன்று குறைந்தாலும் சமைக்க முடியாமல் நின்றிருக்கிறார். அவர் மனத்தில் அந்த உணவு என்றால் அந்தப் பட்டியல்தான்.

சில கேம்களில் இது வியக்கத்தக்க அளவு செல்லுபடியாகிறது. நின்டெண்டோவின் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' (2017) விளையாட்டில் காளான் ரிசோட்டோவுக்கு அரிசி, ஆட்டு வெண்ணெய், கல்லுப்பு, காளான் ஆகிய நான்கும் வேண்டும். வெங்காயமில்லை, வைன் இல்லை, சீஸ் இல்லை. ஆனாலும் காளானின் தண்டுகளையும் உலர்ந்த காளானையும் கொதிக்கவைத்து எடுத்த சாற்றில் அரிசியை வேகவைத்து, இறுதியில் வெண்ணெய் சேர்த்தால் குறை சொல்ல முடியாத ரிசோட்டோ கிடைக்கும். தண்ணீரைத் தவிர பட்டியலை மீற வேண்டிய அவசியமே வராது. அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்கு ரிசோட்டோவின் எலும்புக்கூடு எது என்று தெரிந்திருக்கிறது.

ஸ்டார்டியூ வேலியிலோ பட்டியல் வழி உடனே இடறுகிறது. அரிசியில்லாமல் ரிசோட்டோ இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதைச் சுருக்கக் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் பெரணியில் இருக்கிறது. எண்ணெயில் பூண்டைப் போட்டுப் பெரணிக் குருத்தை வதக்கு என்பதுதான் பட்டியலும் குறிப்பும் சேர்ந்து சொல்லும் செய்முறை. வீட்டில் அப்படியே செய்தால் ஆபத்து. 1994 மே மாதம் நியூயார்க் மாநிலத்திலும் மேற்குக் கனடாவிலும் பெரணிக் குருத்தைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிட்ட பலர் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அதை ஆராய்ந்து, குருத்தைச் சமைக்குமுன் 10 நிமிடமாவது கொதிக்கவைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. கனடாவின் சுகாதாரத் துறை இன்னும் கண்டிப்பானது: 15 நிமிடம் கொதிநீரில், அல்லது 10 முதல் 12 நிமிடம் ஆவியில், வேகவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டும், அதன் பிறகுதான் வதக்கலோ பொரியலோ. இதற்குக் காரணமான நச்சு எது என்று அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால்தான் எச்சரிக்கை இவ்வளவு தாராளமான நேரக்கணக்கோடு வருகிறது.

எந்தப் பெரணி என்பதும் முக்கியம். வட அமெரிக்காவில் ஃபிடில்ஹெட் என்று சாப்பிடுவது ஆஸ்ட்ரிச் ஃபெர்ன் என்ற இனத்தின் குருத்து. அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு அடையாளங்கள் தெரியும். தண்டின் உட்பக்கத்தில், செலரித் தண்டில் இருப்பதுபோல், ஆங்கில 'யு' எழுத்து வடிவில் ஒரு பள்ளம் நெடுக ஓடும். சுருளின் மேல் காகிதம் போன்ற பழுப்புச் செதில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். பார்வைக்கு இதே சாயலில் சுருண்டு முளைக்கும் பிராக்கன் என்ற பெரணியில் டாக்விலோசைடு என்ற பொருள் இருக்கிறது. பிராக்கனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கேமின் காட்டில் எல்லாப் பெரணியும் ஒரே பெரணி. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் காட்டில் அப்படியில்லை.

பட்டியல்வாதத்தின் பலவீனம் இந்த இடத்தில் மறுக்க முடியாததாகிறது. திரையிலுள்ள பட்டியல் விளையாட்டின் சமநிலைக்காக எழுதப்பட்டது. எந்தப் பொருள் எவ்வளவு அரிது, அதற்கு எவ்வளவு பலன் தருவது என்ற கணக்கு அது. அதைச் செய்முறையாக வாசிப்பது பிழையான வாசிப்பு என்றே தோன்றுகிறது.

படம் பார்த்துச் சமைப்போர்

இரண்டாவது அணியை அதிகம் பேச வேண்டியதில்லை. கிண்ணத்தின் நிறம், மேலே குருத்து அமர்ந்திருக்கும் கோணம் ஆகியவற்றை அப்படியே கொண்டுவருவது இவர்கள் இலக்கு. செல்டா போன்ற கேமில் படம் தெளிவாக இருப்பதால் இது நடக்கும். ஸ்டார்டியூ வேலியில் ஒரு பொருளின் படம் 16-க்கு 16 சதுரப்புள்ளிகள்தான். மொத்தம் 256 புள்ளிகளில் எது குழைவு, எது நிழல் என்று தீர்மானிப்பது பார்ப்பவரின் கற்பனை. அது போக, ரிசோட்டோ தட்டில் விழுந்த சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும் உணவு. படத்துக்காக அலங்கரித்துக்கொண்டிருந்தால் சாப்பிடும்போது கட்டியாகியிருக்கும்.

ரிசோட்டோவுக்குக் கட்டுப்பட்டோர்

மூன்றாவது நிலைப்பாடு கேமைத் தாண்டிப் போகிறது. பெயர் ரிசோட்டோ என்றால், கேம் என்ன சொன்னாலும், வட இத்தாலியச் சமையலின் விதிகளே முடிவானவை என்கிறது அது. இதற்கு வலுவான வேர் உண்டு. போ ஆற்றுச் சமவெளியில் நெல் 15ஆம் நூற்றாண்டிலேயே பரவிவிட்டது. மிலானின் ஸ்ஃபோர்சா பிரபு 1475இல் ஃபெராரா பிரபுவுக்கு 12 மூட்டை விதைநெல் அனுப்புவதாக எழுதிய கடிதம் அடிக்கடி சான்று காட்டப்படுகிறது. 1891இல் பெல்லக்ரீனோ ஆர்ட்டூசி வெளியிட்ட சமையல் நூலில் மிலான் ரிசோட்டோவுக்கு மட்டும் மூன்று செய்முறைகள் இருக்கின்றன.

இவர்கள் வலியுறுத்தும் முறையை அறிவியல் பெருமளவு ஆதரிக்கிறது. குட்டையாகப் பருத்த மணியை முதலில் வெண்ணெயில் சூடேற ஒரு புரட்டுப் புரட்டி, சிறிது வெள்ளை வைன் ஊற்றி அது வற்றியதும், கொதிக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட வேண்டும். மணிகள் ஒன்றோடொன்று உரசும்போது மேற்பரப்பு மாவுச்சத்து சாற்றில் கரைந்து அதைக் கெட்டியாக்கும்; நடுவில் மணி பல்லுக்குத் தட்டுப்பட நிற்கும். பதினாறு, பதினெட்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளையும் துருவிய சீஸையும் போட்டு வேகமாகக் கலக்க வேண்டும். கொழுப்பும் மாவுச்சத்து கலந்த சாறும் ஒன்றாகி ஒரு பளபளப்பு வரும். தட்டை லேசாகச் சாய்த்தால் ரிசோட்டோ அலைபோல் நகர வேண்டும். கரண்டியில் எடுத்தால் குவியலாக நிற்கக் கூடாது. மேசையில் வைத்துப் பார்க்கிற இந்தச் சோதனை எந்தப் புத்தகக் குறிப்பைவிடவும் நம்பகமானது. (சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது: பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. தாவர அல்லது நுண்ணுயிர் உறைபொருளில் செய்த கெட்டி சீஸைத் தேடி வாங்க வேண்டும்.)

இந்த அணிக்குள்ளும் ஒற்றுமை இல்லை. விடாமல் கிளற வேண்டும் என்பது மார்செல்லா ஹசான் போன்ற சமையல் எழுத்தாளர்கள் வழியாக ஆங்கில உலகுக்குப் பரவிய பாடம். சமையல் எழுத்தாளர் கென்ஜி லோபஸ்-ஆல்ட் அதைச் சோதித்துப் பார்த்து, அரிசியை முதலில் சாற்றில் அலசி மாவுச்சத்தைத் தனியே எடுத்துக்கொண்டால், பெரும்பகுதிச் சாற்றை ஒரே தடவையில் ஊற்றி, அதிகம் கிளறாமலே குழைவு வரும் என்று காட்டினார். சமையல் நூலாசிரியர் லோர்னா சாஸ் 1989இலேயே பிரஷர் குக்கரில் ரிசோட்டோவைக் கொண்டுவந்துவிட்டார். குக்கர் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கும் நம் பக்கத்து வாசகர்களுக்கு இது பயனுள்ள செய்தி. மிலான் சமையற்கலைஞர் குவால்த்தியேரோ மார்கேசி 1980களில் தங்கத் தாளை மேலே வைத்த குங்குமப்பூ ரிசோட்டோவால் புகழ்பெற்றார். வெங்காயத்தையும் வைனையும் வெண்ணெய்க்குள் சேர்த்துக் கடைசியில் கலக்கும் முறை அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது.

அரிசியின் கதை இன்னும் யோசிக்கவைப்பது. இன்று உயர்ந்த ரிசோட்டோ அரிசி என்று கொண்டாடப்படும் கார்னரோலி 1945இலும், உலகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அர்போரியோ 1946இலும் உருவானவை. வெரோனாப் பகுதியின் வியலோனே நானோ 1937ஐச் சேர்ந்தது. ஆர்ட்டூசி இவற்றில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. இத்தாலிய உணவு மரபுகளில் பலவும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வடிவம் பெற்றவை என்று வரலாற்றாசிரியர் ஆல்பெர்ட்டோ கிராண்டி சில ஆண்டுகளாகச் சர்ச்சைக்குரிய விதத்தில் வாதிட்டு வருகிறார். அவர் வாதத்தை முழுதாக ஏற்காவிட்டாலும், அரிசி விஷயத்தில் அதற்குச் சான்று இருக்கிறது. ஆகவே மரபு என்பது இங்கே ஒரு முறையைக் குறிக்கிறது. ஒரு நிலையான பொருள் பட்டியலைக் குறிப்பதாகச் சொல்ல முடியாது. முறை என்ற அளவில் இந்த அணியின் வாதம் உறுதியானது. பாசுமதியையோ பழைய பொன்னியையோ போட்டுவிட்டு, ரிசோட்டோ ஏன் குழையவில்லை என்று கேட்பதில் பயனில்லை. உதிரியாக நிற்பதற்காகவே நாம் அந்த அரிசிகளைத் தேர்ந்தெடுக்கிறோம்.

பருவத்துக்குக் கட்டுப்பட்டோர்

நான்காவது நிலைப்பாடுதான் அண்மையில் வலுப்பெற்று வருவது. பட்டியலையும் படத்தையும் விட்டுவிட்டு, விளையாட்டு எந்த வாழ்க்கைமுறையைக் காட்டுகிறதோ அதைச் சமையலில் கொண்டுவா என்கிறது அது. ஸ்டார்டியூ வேலியில் ஆண்டுக்கு நான்கு பருவம், ஒவ்வொன்றும் 28 நாள். பருவம் மாறும் அன்று காலை, பொருந்தாத பயிர்கள் காய்ந்துவிடும். என்ன சமைக்கலாம் என்பதைக் காடும் வயலும் தீர்மானிக்கின்றன. செல்டாவின் உலகில் குளிர்மலையும் பாலைவனமும் உண்டு, பருவம் கிடையாது. ஆகவே பருவக் கீரையோடு ரிசோட்டோ செய்யும் யோசனை ஸ்டார்டியூ வேலியிலிருந்தே இயல்பாகப் பிறக்கிறது. வீட்டைச் சுற்றி இந்த வாரம் எது தளிர்விட்டிருக்கிறதோ அதைக் கொண்டு செய்வதே அந்த விளையாட்டுக்கு நேர்மையான விடை என்று இவர்கள் சொல்வார்கள்.

இந்த வாதம் அழகானது. ஆனால் விளையாட்டின் விவரங்களைக் கூர்ந்து பார்த்தால் அது நினைத்த அளவுக்கு உறுதியாக நிற்கவில்லை. நிஜத்தில் ஆஸ்ட்ரிச் ஃபெர்ன் குருத்து வசந்த காலத்துப் பொருள். கிழக்குக் கனடாவிலும் மேன் மாநிலத்திலும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள் ஆற்றங்கரைகளில் முளைத்து, சில நாளில் விரிந்துவிடும். விளையாட்டிலோ அது கோடையில், எஃகுக் கோடரியால் பெரிய கட்டையைப் பிளந்த பிறகே நுழைய முடிகிற மறைகாட்டில் கிடைக்கிறது. விளையாட்டில் பூண்டு வசந்தப் பயிர். செய்முறையைக் கற்றுத்தரும் தொலைக்காட்சி நிகழ்ச்சி இரண்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தின் கடைசி நாளில் ஒளிபரப்பாகிறது, மறுநாள் பனிக்காலம். வசந்தத்துப் பூண்டும் கோடைப் பெரணியும் பெட்டியில் கெடாமல் கிடந்தால்தான் அன்று சமைக்க முடியும். விளையாட்டில் எந்தப் பொருளும் அழுகுவதில்லை. ஆகவே அந்த ரிசோட்டோ பருவத்தின் உணவு என்பதைவிட, சேமிப்பின் உணவு என்று சொல்வது கூடுதல் பொருத்தம்.

இதோடு இன்னொன்று. விளையாட்டில் பொறுக்கப் பொறுக்க மறுபடி முளைக்கும். நிஜப் பெரணிக்கு ஒரு குத்தில் சில குருத்துகளே வரும். பாதிக்கு மேல் பறித்தால் குத்து நலிந்துவிடும் என்று மேன் பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆலோசகர்கள் எச்சரிக்கிறார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் வாழும் வொலாஸ்டோக்கி பழங்குடியினர் தலைமுறைகளாக இந்தக் குருத்தைச் சாப்பிட்டு வருகிறார்கள் என்றால், அளவறிந்து பறிக்கும் ஒழுங்கும் அதில் அடக்கம்.

இவ்வளவு குறைகள் இருந்தும் இந்த நிலைப்பாடு மற்றவற்றைவிட நெடுந்தூரம் வருகிறது. காரணம், வட இத்தாலியச் சமையல் அதையே காலங்காலமாகச் செய்துவருகிறது. வெனிட்டோ பகுதியில் ஏப்ரலில் வேலிகளிலும் ஆற்றோரங்களிலும் காட்டு ஹாப்ஸ் கொடியின் இளந்தளிர் கிடைக்கும். புருஸ்காண்டோலி என்று பெயர். பீருக்குக் கசப்பைத் தரும் அதே கொடி. அதை வெண்ணெயில் வதக்கி ரிசோட்டோ செய்வது அங்கே வசந்தத்தின் வழக்கம். தொட்டால் அரிக்கும் நெட்டில் தழையை ஓரிரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்தால் அரிப்பு போய்விடும். அதுவும் ரிசோட்டோவுக்கு வரும். பசானோவின் வெள்ளை அஸ்பாரகஸ், வெனிஸில் ஏப்ரல் 25ஆம் தேதி புனித மாற்கு திருநாளுக்குச் செய்யும் பச்சைப் பட்டாணி அரிசி, பனிக்காலத்தில் ட்ரெவிசோவின் சிவந்த ராடிக்கியோ என்று ஆண்டு முழுவதும் கீரையும் தளிரும் மாறிக்கொண்டே இருக்கும், அரிசியும் முறையும் அப்படியே இருக்கும். இத்தாலியர்கள் பெரணியைத் தேடிப் போனதாகத் தெரியவில்லை. காட்டோரத்துத் தளிரைப் பறித்து அரிசியில் சேர்ப்பது என்னவோ அவர்களுக்கு நெடுநாள் பழக்கம். ரிசோட்டோ மரபும் விளையாட்டின் உணர்வும் சந்திக்கிற புள்ளி இதுதான் என்று கருத இடமிருக்கிறது. மூன்றாவது, நான்காவது அணிகள் எதிரெதிரானவை என்ற தோற்றம் இந்த இடத்தில் கரைகிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? நான்கு பேருக்கு 320 கிராம் கார்னரோலி, ஒன்றேகால் லிட்டர் வரை காய்கறிச் சாறு, சுமார் 250 கிராம் பருவத் தளிர் அல்லது கீரை. கீரையைத் தனியே சமைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அரிசியோடு சேர்த்து வேகவைத்தால் வைனின் புளிப்பும் நீண்ட சூடும் பச்சையத்தைச் சிதைத்து, ரிசோட்டோவை மங்கிய காக்கி நிறத்துக்குக் கொண்டுபோய்விடும். கீரையில் பாதியைக் கொதிநீரில் போட்டெடுத்து, பனிநீரில் அணைத்து, இறுகப் பிழிந்து விழுதாக அரைத்து, வெண்ணெயும் சீஸும் சேர்க்கிற அதே தருணத்தில் கலந்தால் நிறமும் நிற்கும், சாறும் நீர்க்காது. மீதியைப் பூண்டோடு எண்ணெயில் வதக்கி மேலே வைக்கலாம். விளையாட்டின் மூன்று பொருள்களும் அந்த மேல்பகுதியில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பெரணியே கிடைத்தால் 15 நிமிடம் வேகவைத்து, நீரை வடித்த பிறகுதான் பூண்டெண்ணெய்க்குப் போக வேண்டும்.

சாப்பிடுபவரை மறந்தது

இந்த நான்கு நிலைப்பாடுகளும் சமைப்பவரைப் பற்றியே பேசுகின்றன. விளையாட்டில் இந்த ரிசோட்டோவுக்கு ஆசையாகக் காத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். போருக்குப் போய் எதிரியின் சிறைமுகாமில் இருந்துவிட்டு இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் ஊர் திரும்பும் கெண்ட் என்ற சிப்பாய். மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவருக்குப் பழைய இயல்பு கூடவில்லை. அவருக்கு மிகப் பிடித்த பரிசுகளில் ஒன்று ஃபிடில்ஹெட் ரிசோட்டோ. கொடுத்தால், சிறுவயதில் அம்மா தந்தது என்று நினைவுகூர்கிறார். ஊரில் வேறு யாருக்கும் அது அவ்வளவு பிடித்ததாக இல்லை.

இதை வைத்து ஐந்தாவது நிலைப்பாடு ஒன்றைக் கட்டலாம், இதுவரை அதை யாரும் முழுமையாகக் கட்டியதாகத் தெரியாவிட்டாலும். அம்மா கைச்சாப்பாடாக வந்த உணவுக்கு ருசிக் கணக்கு வேறு. சப்பென்றிருக்கும் என்ற விளையாட்டின் குறிப்பு அந்த வெளிச்சத்தில் குறையாகப் படவில்லை. காரமோ ஆடம்பரமோ இல்லாத, குழந்தைக்குக் கொடுக்கும் உணவின் அடையாளமாகப் படுகிறது. நீண்ட நேரம் வேகவைத்து நீரை வடித்த குருத்து, நிஜத்திலும் மென்மையான, அடங்கிய ருசிதான் தரும். அப்படியானால் மார்கேசியின் வெங்காய-வைன் வெண்ணெயும் முற்றிய சீஸும் சேர்த்து ருசியை ஏற்றுவது கெண்டின் கிண்ணத்துக்குத் துரோகமா? இந்த வாதத்தின் பலவீனம் வெளிப்படை: ஒரே ஒரு வசனத்தின்மேல் இவ்வளவு பெரிய கட்டடம் எழுப்புகிறது. ஆனாலும் மற்ற நான்கும் கேட்கத் தவறிய கேள்வியை இது கேட்கிறது என்பதால் புறந்தள்ள மனம் வரவில்லை.

தீராதவை

கிடைக்கிற சான்றுகளை வைத்துப் பார்த்தால், பட்டியலுக்கு எழுத்துக்கு எழுத்துக் கட்டுப்படுவது செல்டாவில் சாத்தியம், ஸ்டார்டியூ வேலியில் ஆபத்து. முறைக்கு ரிசோட்டோவும் பொருளுக்குப் பருவமும் வழிகாட்டினால் சாப்பிடத்தக்க, விளையாட்டுக்கும் அந்நியமாகாத உணவு வரும் என்பது ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது. அதைத் தாண்டி உறுதி குறைகிறது.

ஆசிரியரின் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது முதல் திறந்த கேள்வி. 2016இன் விளையாட்டும் 2024இன் சமையல் நூலும் ஒரே பரோனின் பெயரில் வருகின்றன. நூல் ஒன்று சொல்லி விளையாட்டு வேறொன்று சொன்னால், பின்னால் வந்த நூல் விளையாட்டைத் திருத்துகிறதா, அல்லது நூலும் ஒரு வாசிப்பு மட்டும்தானா? இலக்கியத்தில் இதே தகராறு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. சமையலில் அது இப்போதுதான் தொடங்குகிறது.

இரண்டாவது, பருவ நிலைப்பாடு எவ்வளவு தூரம் பயணப்படும் என்பது. அசாமில் டெக்கியா, இமாசலத்தில் லிங்ரி, மலேசியாவில் பூச்சுக் பாக்கு என்று வெவ்வேறு பெரணிக் குருத்துகள் அன்றாடச் சமையலில் இருக்கின்றன. அவை வேறு இனங்கள், வேறு பக்குவங்கள். ஆஸ்ட்ரிச் ஃபெர்னுக்கான நேரக்கணக்கை அவற்றுக்கு அப்படியே பொருத்தவும் கூடாது, அந்தந்த ஊர்ப் பக்குவத்தை அறியாமல் குறைக்கவும் கூடாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ நிலைமை இன்னும் வேறு. அங்கே கீரையின் போக்கை மழை தீர்மானிக்கிறது, பெரணி சந்தைக்கு வருவதில்லை. அரைக்கீரையும் கார்னரோலியும் சேர்ந்த ஒரு தட்டு பருவத்துக்கும் முறைக்கும் முழுக்க நேர்மையாக இருக்க முடியும். அதை விளையாட்டின் ரிசோட்டோ என்று கெண்ட் அடையாளம் கண்டுகொள்வாரா என்பதற்கு இந்த ஐந்து நிலைப்பாடுகளில் எதுவும் இன்னும் பதில் வைத்திருக்கவில்லை.